78 ரூபாய்க்குச் சாமான், 100 ரூபாய் நோட்டு: மீதி எவ்வளவு?

மாதவரத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி, 8 ஜூன் 2025

என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். போன ஆண்டு முழுத்தேர்வில் கணக்கில் 94 மதிப்பெண். நேற்று தெருமுனைக் கடைக்கு அனுப்பினேன். 78 ரூபாய்க்குச் சாமான், கொடுத்தது 100 ரூபாய். கடைக்காரர் கை தவறி 12 ரூபாய் மீதி கொடுத்திருக்கிறார். அதை அப்படியே வாங்கி வந்துவிட்டாள். நோட்டில் எழுதிக் கொடுத்தால் 22 என்று அரை நிமிடத்தில் போடுகிறாள். இது கவனக்குறைவா, அல்லது கணக்கே புரியவில்லையா?

8 ஜூன் 2025, இரவு

கவனக்குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகள் கடையில் கணக்கே போடவில்லை. கடைக்காரர் பெரியவர், அவர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று கையை மூடிக்கொண்டு வந்திருக்கிறாள். 100-க்குக் கீழே 78 என்று எழுதி, கோடு கிழித்து, வலப்பக்கத்திலிருந்து தொடங்கும் ஒரே வழியைத்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். ஒரு கையில் பையும் மறு கையில் சில்லறையுமாகக் கடை வாசலில் நிற்கும்போது, இரண்டு முறை கடன் வாங்க வேண்டிய அந்தக் கழித்தலை எவரும் மனத்தில் போட மாட்டார்கள்.

நான் பகலில் பாரிமுனையில் ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கெழுதுகிறேன். மாலையில் தண்டையார்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. கல்லாவில் உட்காருகிறவர்கள் மீதியைக் கழித்துக் கொடுத்து நான் பார்த்ததில்லை. 78-இலிருந்து ஏறுவார்கள்: இரண்டு ரூபாய் வைத்தால் 80, இன்னும் இருபது வைத்தால் 100. கையில் வைத்தது 22. உங்கள் மகளுக்கு இந்த ஏறுமுகக் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். விளையாட்டு நோட்டுக் கட்டு ஒன்று வாங்கி வீட்டிலேயே கடை வைத்துப் பழக்கலாம்.

9 ஜூன் 2025

நேற்று எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். விளையாட்டு நோட்டு வேண்டாம். அவசரத்தில் எழுதிவிட்டேன், என் அனுபவமே அதற்கு எதிரானது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஃபேன்சி ஸ்டோரில் காகிதப் பணம் வாங்கி வகுப்பில் கடை நடத்தினேன். பிள்ளைகள் 2,000 ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பென்சில் வாங்கிக்கொண்டு, மீதி கேட்காமல் எழுந்து போனார்கள். தொலைந்தால் வலிக்காத பணத்தை எந்தப் பிள்ளை எண்ணிப் பார்க்கும்?

இப்போது என் வகுப்பில் ஓர் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. அதில் உண்மையான பணம் 500 ரூபாய்: ஒரு ரூபாய் இருபது, இரண்டு ரூபாய் பத்து, ஐந்து ரூபாய் எட்டு, பத்து ரூபாய் பன்னிரண்டு, இருபது ரூபாய் பத்து, ஐம்பது ரூபாய் இரண்டு. வகுப்பு முடியும்போது அன்றைய பொறுப்பிலுள்ள பிள்ளை எண்ணி, 500 சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகே எல்லாரும் வீட்டுக்குப் போக முடியும். 500 என்பது எங்கள் பகுதியில் சிறிய தொகை அன்று என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் எண்ணும்போது ஒருவரும் பேச மாட்டார்கள்.

11 ஜூன் 2025

டப்பாவைப் பற்றி எழுதினேன் அல்லவா, நேற்று எண்ணியபோது 490 வந்தது. மூன்று முறை எண்ணியும் அதே 490. யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பெரிய பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்திதான் நாணயங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, ‘இதுக்கு மட்டும் ஓரம் மூலை மூலையா இருக்கு அக்கா’ என்றாள். அன்று காலை ஓர் இருபது ரூபாய்த் தாளை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக நான் போட்ட இருபது ரூபாய் நாணயம் அது. 2020-இல் புழக்கத்துக்கு வந்த அந்த நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள். வெளிவளையம் வெள்ளை, நடுப்பகுதி மஞ்சள். பத்து ரூபாய் நாணயம் வட்டமானது. அதில் வளையம் மஞ்சள், நடு வெள்ளை. அளவு ஒன்றாக இருப்பதால் அதையும் பத்து என்றே எண்ணியிருக்கிறார்கள். பணக் கணக்குக்கு முன்னால் பணத்தைக் கண்ணாலும் விரலாலும் அறிமுகம் செய்ய வேண்டும் என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

22 ஜூன் 2025

மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்வருகின்றன. இன்று ஞாயிற்றுக்கிழமை, காசிமேட்டில் கால் வைக்க இடமில்லை. என்னிடம் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், அங்கே மீன் விற்கும் தன் பாட்டிக்கு, அவன் சொல்லில் ஆயாவுக்கு, பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். ஓர் அம்மா நெத்திலி முக்கால் கிலோ கேட்டார். கிலோ 160 ரூபாய். ஆயா தராசிலிருந்து நிமிர்வதற்குள் பையன் சொல்லிவிட்டான்: ‘அரைக் கிலோ எண்பது, கால் கிலோ நாப்பது, நூத்தி இருபது.’ அந்த அம்மா 500 ரூபாய்த் தாளை நீட்டினார். ‘எண்பது குடு ஆயா, இருநூறு ஆச்சு. இன்னும் முந்நூறு.’ ஈரக் கையால் ஆயா எண்ணிக் கொடுத்தார். எல்லாம் பத்து நொடிகூட ஆகவில்லை.

மாலை வகுப்பில் அவன் நோட்டில் 500 − 120 என்று எழுதிக் கொடுத்தேன். 420 என்று விடை எழுதினான். பூச்சியத்திலிருந்து 2 போகாது என்பதால் 2-இலிருந்து பூச்சியத்தைக் கழித்திருக்கிறான். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற விதியை ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகப் பொருத்திக்கொள்ளும் பிள்ளைகள் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். ‘காலையில் அந்த நெத்திலி வாங்கிய அம்மாவுக்கு நீ 420 ரூபாயா கொடுத்தாய்?’ என்று கேட்டேன். நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்கி, ‘அப்போ மீனு எண்பது ரூபாதானே ஆவும்? ஆயா என்னை ஒதைக்கும்’ என்றான். தவற்றை அவனே கண்டுபிடித்துவிட்டான், அதுவும் வேறொரு கழித்தலைப் போட்டு. ஆனால் நோட்டில் இருப்பதும் காலையில் தான் போட்டதும் ஒரே கணக்கு என்று நான் சொல்லும்வரை அவனுக்குத் தோன்றவே இல்லை.

24 ஜூன் 2025

இது ஒரு பையனின் கதை மட்டும் அன்று. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைத் தெரசினா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1985-இல் எழுதினார்கள். கடையில் கேட்ட கணக்குகளில் 98.2 விழுக்காடு சரி. அதே எண்களை வெறும் கணக்காகக் காகிதத்தில் கொடுத்தபோது 36.8 விழுக்காடுதான் சரி. கதைக் கணக்காகச் சொன்னால் 73.7. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு, அவர்களில் ஒரு பையன் 35-இன் பக்கத்தில் பூச்சியம் போடவில்லை. மூன்றுக்கு 105 என்று தொடங்கி மும்மூன்றாக ஏறிக் கடைசியில் ஒன்றைச் சேர்த்து 350 என்றான். நம் காசிமேட்டுப் பையன் ஏறியதும் இப்படித்தான்.

நம் நாட்டிலேயே கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் செய்த ஆய்வு இந்த ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயம் என்று வேண்டுமென்றே கோணலான அளவுகளைக் கேட்டு 200 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் 37 கழித்து 163 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதே பிள்ளைகள் பள்ளிப் பாணிக் கணக்கில் தடுமாறினார்கள். மாதவரத்து வாசகர் கவனிக்க வேண்டியது இதன் மறுபாதி: பக்கத்துப் பள்ளிகளில் படித்த, சந்தை அனுபவம் இல்லாத 471 பிள்ளைகள் இதற்கு நேர்மாறாக இருந்தார்கள். காகிதத்தில் தேறினார்கள், சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். உங்கள் மகள் அந்தப் பக்கம், என் பையன் இந்தப் பக்கம்.

25 ஜூன் 2025

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் தெருவே போதும், பள்ளிக் கணக்கு வீண்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. காசிமேட்டுப் பையனிடம் அதே நெத்திலி 650 கிராம் என்று கேட்டுப் பார்த்தேன், நின்றுவிட்டான். அவனுடைய உலகம் கால், அரை, முக்காலோடு முடிகிறது. ‘மெஷின்லயே வருமே அக்கா’ என்றான். டிஜிட்டல் தராசு விலையையும் காட்டிவிடுகிறது என்பது உண்மைதான். நூறு கிராம் எவ்வளவு என்று கேட்டேன். 16 என்றான். ஆறு நூறுக்கு 96, பாதி நூறுக்கு 8, ஆக 104. இதைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டியிருந்தது. எழுதி வைத்தால்தான் அடுத்த முறையும் வருகிறது.

29 ஜூன் 2025

கழித்தலுக்கு மறுபடி வருகிறேன். பாடப்புத்தகம் இதை ‘இனமாற்றம்’ என்று சொல்கிறது. வகுப்பறையிலும் வீட்டிலும் நாம் அனைவரும் ‘கடன் வாங்குவது’ என்கிறோம். டப்பாவில் இருபது ரூபாய் நாணயத்தைக் கண்டுபிடித்த அந்த மூன்றாம் வகுப்புப் பெண் நேற்று கேட்டாள்: ‘பக்கத்து எண்ணுகிட்ட வாங்குன கடனை எப்போ அக்கா திருப்பிக் குடுக்கணும்?’ அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று அறிந்த பிள்ளை அவள். நான் இத்தனை ஆண்டுகளாக அவர்களிடம் பொய்யான ஒரு சொல்லைச் சொல்லி வந்திருக்கிறேன்.

டப்பாவைத் திறந்தேன். ஐந்து பத்து ரூபாய், இரண்டு ஒரு ரூபாய்; மொத்தம் 52. இதிலிருந்து எனக்கு 38 கொடு என்றேன். மூன்று பத்தைக் கொடுத்துவிட்டாள். எட்டு ரூபாய் இல்லை. கொஞ்சம் யோசித்து, ஒரு பத்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டி, ‘சில்லறை குடு’ என்றாள். பத்து ஒரு ரூபாய் வந்தது. இப்போது பன்னிரண்டு; எட்டைக் கொடுத்தாள். கையில் ஒரு பத்தும் நான்கு ஒன்றும். ‘யாருக்காவது கடன் பாக்கி இருக்கிறதா?’ என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் கழித்தலுக்கு ‘சில்லறை மாற்றிக் கழிப்பது’ என்று பெயர். காசிமேட்டுப் பையனின் 420-உம் இதோடு நின்றுவிட்டது. 500-க்கு ஐந்து நூறு ரூபாய்த் தாளைக் கற்பனை செய்து, ஒன்றைப் பத்துப் பத்துகளாக மாற்றிக்கொள்கிறான்.

6 ஜூலை 2025

பெரிய பிள்ளைகளுக்கு இன்று தண்டல் கணக்குப் போட்டேன். எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை: 10,000 ரூபாய் கடன் என்று பேச்சு, கையில் கொடுப்பது 8,500, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். எவ்வளவு அதிகம் என்று கேட்டதும் 1,500 என்றார்கள். நூற்றுக்குப் பதினைந்துதானே என்றான் ஒருவன். வாங்கியது 8,500-தானே, 10,000-க்கு ஏன் கணக்குப் பார்க்கிறாய் என்றாள் எட்டாம் வகுப்புப் பெண். அவள் சொன்னது சரி. அது 17 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதால், நூறு நாளும் சராசரியாகக் கையில் இருந்த கடன் ஏறத்தாழ அதில் பாதிதான். அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டுக்கு மேல் போகிறது. பலகையில் எழுதிய அந்த எண்ணைப் பார்த்து அனைவரும் அமைதியாக இருந்தார்கள்.

8 ஜூலை 2025

அதை நான் செய்திருக்கக் கூடாது. அந்த எட்டாம் வகுப்புப் பெண் வீட்டுக்குப் போய், வசூலுக்கு வந்தவரிடமே ‘நீங்க 1,500 ரூபா கூட வாங்குறீங்க’ என்று சொல்லிவிட்டாள். அவள் அம்மா இன்று மாடி ஏறி வந்தார். கோபப்படவில்லை. ‘அவசரத்துக்கு அவர்தான் தர்றாரு மிஸ், பேங்க்ல எங்களுக்கு யாரு தருவா? எங்க வீட்டுக் கணக்கைப் பிள்ளைங்க நடுவுல போடாதீங்க’ என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றாடக் கணக்கு என்று சொல்லிக்கொண்டு ஒரு வீட்டின் அடுப்பங்கரைக்குள் நுழைந்துவிட்டேன். இனி வட்டிக் கணக்கைப் பெயர் தெரியாத ஊரில் வைத்துத்தான் சொல்லித் தருவேன்.

13 ஜூலை 2025

‘எல்லாரும் ஃபோனில் ஸ்கேன் செய்யும் காலத்தில் மீதிச் சில்லறைக் கணக்கு எதற்கு?’ என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. யுபிஐ 2016-இல் வந்தது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பிறந்து ஓரிரு ஆண்டுக்குள். அம்மா கடையில் நோட்டை எண்ணிக் கொடுப்பதைப் பார்த்தே வளராத முதல் தலைமுறை இது. மாதவரத்துப் பெண் 12 ரூபாயைக் கேள்வி கேட்காமல் வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. முதல் நாள் இதை நான் யோசிக்கவில்லை.

ஸ்கேன் செய்தாலும் தொகையை அடிப்பது நாம்தானே? மளிகைக் கடையில் என் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். சாமான்களைப் பார்த்து, கடைக்காரர் கூட்டுவதற்கு முன் மொத்தத்தைச் சொல்ல வேண்டும். ஸ்கேன் செய்த பணம் வந்ததைச் சொல்லும் கடை ஸ்பீக்கர் பெட்டி ‘நூற்று நாற்பத்தாறு ரூபாய் பெறப்பட்டது’ என்று அறிவிக்கும்போது தன் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஐந்து ரூபாய்க்குள் வந்தாலே போதும். பச்சைப் பாக்கெட் பால் அரை லிட்டர் 22 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று பாக்கெட்டுக்கு இருபதாகப் பிடித்து 60, பிறகு ஆறு. இப்படி முழு எண்ணாக்கிப் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால், 12-க்கும் 22-க்கும் வித்தியாசம் உள்ளங்கைக்கே தெரியும்.

20 ஜூலை 2025

பைசாவைப் பற்றி ஒருவர் கேட்டார். சுருக்கமாக: 12.5 ரூபாய் என்று எழுதினால், பிள்ளைகளில் பாதிப் பேர் பன்னிரண்டு ரூபாய் ஐந்து பைசா என்று படிக்கிறார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011-இல் செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி செல்லும், எங்கள் தெருவில் எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். தொட்டே பார்க்காத காசை வைத்துத் தசமம் கற்பிக்கிறோம். 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அதனால்தான் என் பாட்டிக்கு நாலணா கால், எட்டணா அரை, பன்னிரண்டணா முக்கால் என்பது கையோடு இருந்தது. இன்று பிள்ளையின் கையில் பின்னம் மிஞ்சியிருப்பது எடையில்தான். ஆகவே நான் தசமத்தைக் கிலோ, கிராமில் தொடங்குகிறேன், பைசா பிறகு.

27 ஜூலை 2025

‘மொத்தம் என்றால் கூட்டு, மீதம் என்றால் கழி’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். இன்று கொடுத்த கணக்கு: ஆயா 650 ரூபாய்க்கு மீன் விற்ற பிறகு கையில் மொத்தம் 900 ரூபாய் இருந்தது; காலையில் எவ்வளவு கொண்டுவந்தார்? பதினோரு பேரில் எட்டுப் பேர் 1,550 என்று எழுதினார்கள். மொத்தம் என்ற சொல்லைப் பார்த்ததும் கை தானாகக் கூட்டிவிட்டது. காசிமேட்டுப் பையன் மட்டும் சிரித்துவிட்டு, ‘காலையில ஆயா சில்லறைக்குன்னு இருநூத்தம்பதுதான் எடுத்துட்டு வரும்’ என்றான்.

3 ஆகஸ்ட் 2025

மாதவரத்து வாசகர் மறுபடி எழுதியிருக்கிறார். மகள் இப்போது மீதியை எண்ணிப் பார்க்கிறாளாம். ஆனால் ரேஷன் கடையில் புதுச் சிக்கல். இரண்டு கிலோ சர்க்கரை 50, துவரம்பருப்பு 30, பாமாயில் 25, மொத்தம் 105. 200 ரூபாய் கொடுத்தாள். ‘அஞ்சு ரூபா இருக்கா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே அதிகமாகத்தானே கொடுத்திருக்கிறேன், இன்னும் எதற்கு என்று விழித்திருக்கிறாள்.

நியாயமான கேள்வி. நோட்டுக் கணக்கில் இதற்கு இடமே இல்லை. ஏறுமுகத்தில் சொல்லுங்கள்: 105-இலிருந்து 200-க்கு ஏறினால் 95, அதற்கு ஐம்பது, இருபது, இருபது, ஐந்து என்று தேட வேண்டும். இரண்டு முனையையும் ஐந்து ஐந்து தள்ளி வைத்தாலும் இடைவெளி மாறாது. 105-க்கு 205 கொடுத்தால் இடைவெளி சரியாக 100, ஒரே தாள். அவள் கொடுத்த ஐந்து ரூபாய் அந்த நூறுக்குள் அவளிடமே திரும்பி வருகிறது. இதை டப்பாப் பணத்தில் நான்கைந்து முறை இருபக்கமும் மாற்றி மாற்றிச் செய்து பார்க்க வேண்டும். சொல்லி மட்டும் புரியாது, என் பிள்ளைகளுக்கும் புரியவில்லை.

10 ஆகஸ்ட் 2025

ஜூலை 8-இல் எழுதியதை ஒட்டி ஒன்று. அந்த அம்மா நேற்று மறுபடி மாடிக்கு வந்தார். இம்முறை கையில் தண்டல் அட்டை, நூறு கட்டங்கள், நாளுக்கு ஒரு கையெழுத்து. 64 நாள் கட்டியிருப்பதாக இவர் கணக்கு, 61 என்று வசூலிப்பவரின் நோட்டு. ‘நீங்களே வேணாம், அவளை விட்டே எண்ணச் சொல்லுங்க மிஸ்’ என்றார். மகள் வரிசைக்குப் பத்தாகப் பென்சிலால் கோடு போட்டு எண்ணினாள்: ஆறு வரிசை, பிறகு நான்கு கட்டம். மூன்று நாள் வித்தியாசம் 300 ரூபாய் என்று அட்டையின் பின்புறம் எழுதினாள். இன்று காலை வசூலிப்பவர் இரண்டு நாளை ஒப்புக்கொண்டாராம். மழையில் மை பரவிய ஒரு கட்டத்தை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.